பாலைவன மணலின் ஈரத்தை நுண்ணலையில் பார்ப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2018 மே 25 அன்று மெகுனு புயல் ஓமானில் சலாலா நகருக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 278 மி.மீ. மழை கொட்டியது. அந்த ஊரின் ஆண்டு சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். மலைகளைத் தாண்டி வடக்கே இருக்கும் ரூப் அல் காலி பாலைவனத்திலும் மழை பெய்து, மணற்குன்றுகளுக்கு இடையே ஏரிகள் தேங்கின. அதே ஆண்டு அக்டோபரில் லுபான் புயல் வந்து மறுபடியும் நனைத்தது. அந்த ஈரத்தில் பாலைவன வெட்டுக்கிளிகள் ஒன்பது மாதத்தில் மூன்று தலைமுறை பெருகின, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி 8,000 மடங்கு. சாலையும் ஆள் நடமாட்டமும் இல்லாத இடம் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. 2019இல் அவை யேமனுக்கும் ஈரானுக்கும் பரவின, அப்புறம் ராஜஸ்தான் எல்லைக்கு வந்தன. 2020இல் கென்யா 70 ஆண்டுகளில் காணாத படையெடுப்பைக் கண்டது.

இத்தனைக்கும் அந்த மாதங்கள் முழுக்க, நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அந்த மணலின் ஈரத்தை அளந்துகொண்டுதான் இருந்தது. தரவு இலவசம், யாரும் எடுக்கலாம். அதை எடுப்பதும் ஏமாறாமல் படிப்பதும் எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. ஒரு கணினி, இணைய இணைப்பு, எக்செல் மாதிரி ஒரு விரிதாள் மென்பொருள் போதும்.

நுண்ணலைக்கு ஈரம் ஏன் தெரிகிறது?

ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு இணங்கிக்கொடுக்கும் என்பதைக் காட்டும் எண் மின்காப்பு மாறிலி. தண்ணீருக்கு அது சுமார் 80. காய்ந்த மணலுக்கு 3 அல்லது 4 தான். இந்த இடைவெளி பெரியது என்பதால் மண்ணில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலே அதன் மின்தன்மை மாறிவிடும். அந்த மாற்றத்தைப் பிடிக்க இரண்டு வகைக் கருவிகள் இருக்கின்றன. ரேடியோமீட்டர் எதையும் அனுப்பாது. நிலம் தானாக வெளியிடும் நுண்ணலையை மட்டும் கேட்கும். நனைந்த நிலம் குறைவாக வெளியிடும், எனவே கருவிக்குக் குளிர்ச்சியாகத் தெரியும். ராடார் தானே ஒரு அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும். நனைந்த நிலம் பொதுவாக அதிகமாகத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் இரவு பகல் பேதமில்லை, மேகமும் தடையில்லை.

ஸ்மாப்பும் ஐரோப்பாவின் ஸ்மோஸும் எல்-பேண்ட் என்ற நுண்ணலை வரிசையில் கேட்கும் ரேடியோமீட்டர்கள். அலைநீளம் 21 செ.மீ. ஐரோப்பாவின் இன்னொரு செயற்கைக்கோளான சென்டினல்-1 சி-பேண்ட் ராடார். அலைநீளம் சுமார் 5.5 செ.மீ. அலை நீளமாக இருந்தால் மண்ணுக்குள் ஆழமாகப் போகும், செடிகொடிகளையும் எளிதாகக் கடக்கும்.

எல்-பேண்ட் மேல் 5 செ.மீ. மண்ணின் ஈரத்தைக் காட்டும் என்று எல்லா அறிமுகப் பாடங்களிலும் இருக்கும். வயலில் அது சரி. காய்ந்த பாலைவன மணலில் அலை அதைவிட வெகு ஆழம் போகும். 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்தில் சென்ற எல்-பேண்ட் ராடார், எகிப்து, சூடான் எல்லையில் உள்ள செலிமா மணல்வெளிக்குக் கீழே புதைந்து கிடந்த பழைய ஆற்றுத் தடங்களைப் படம்பிடித்தது. மேலே நின்று பார்த்தால் வெறும் மணல். ராடாருக்கு அந்த மணல் இல்லாத மாதிரி. தொல்லியலுக்கு அது பெரிய வரம். ஈரம் பார்க்க வருகிற நமக்கோ பாதித் தொல்லைகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

எண்ணைப் பார்க்காதீர்கள், மாற்றத்தைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மாப் திட்டம் தனக்கு வைத்துக்கொண்ட துல்லிய இலக்கு, ஒரு கன மீட்டர் மண்ணுக்கு 0.04 கன மீட்டர் தண்ணீர். காய்ந்த பாலைவன மணலில் இருக்கும் ஈரமே 0.02 முதல் 0.05 வரைதான். பிழையும் அளவும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. அதனால் “இன்று இந்த இடத்தில் ஈரம் 0.04” என்று சொல்வதில் பெரிய அர்த்தமில்லை. “மழையில்லாத மாதங்களில் 0.03 என்று நேர்கோடாகக் கிடந்த இடம் இந்த வாரம் 0.12க்கு ஏறியிருக்கிறது” என்று சொன்னால் அது உறுதியான செய்தி. கருவியின் பிழையில் பெரும்பகுதி அந்த இடத்துக்கே உரிய, எப்போதும் ஒரே பக்கம் தவறும் நிலையான பிசகு. ஒரே இடத்தை அதன் சொந்தக் காய்ந்த நாட்களோடு ஒப்பிடும்போது அது பெரும்பாலும் கழிந்துவிடும்.

கேள்வியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

எந்த அளவு இடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எதற்காக என்ற மூன்றையும் தாளில் எழுதிவிட்டுத்தான் தரவைத் தேட வேண்டும். ஒரு பெரிய பாலைவனத்தில் எங்கே மழை விழுந்து மண் நனைந்தது என்று தெரிய வேண்டுமா? ஸ்மாப் போதும். ஒரு குறிப்பிட்ட வாடியின், அதாவது மழை வந்தால் மட்டும் ஓடும் ஆற்றுப் படுகையின், ஈரம் வேண்டுமா? ஸ்மாப்பின் ஒரு புள்ளி அந்த வாடியைவிடப் பல மடங்கு பெரியது, சென்டினல்-1 தேவைப்படும். பல பத்தாண்டுகளின் போக்கைப் பார்க்க வேண்டுமானால், பல செயற்கைக்கோள்களை இணைத்து ஐரோப்பிய விண்வெளி முகமை தரும் நீண்டகால மண் ஈரத் தொகுப்பு இருக்கிறது. ஜப்பானின் ஆம்சர்-2 கருவியும் உண்டு. ஆனால் அதன் மிகக் குறைந்த அதிர்வெண்ணே 6.9 கிகாஹெர்ட்ஸ், அதாவது எல்-பேண்டைவிடக் குட்டையான அலை என்பதால், எல்-பேண்ட் கையில் இருக்கும்போது தொடக்கத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

பயிற்சிக்கு மெகுனுவையே எடுத்துக்கொள்வோம். ஓமான், சவூதி அரேபியா, யேமன் மூன்றின் எல்லையும் சந்திக்கும் இடம் வடக்கு அட்சரேகை 19 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 52 பாகை. எண்கள் முழுமையாக இருப்பதால் மறக்காது. அதை முதல் புள்ளியாக வையுங்கள். அதிலிருந்து கிழக்கிலும் தெற்கிலும் அரைப் பாகை இடைவெளியில் இன்னும் சில புள்ளிகள் சேர்த்துக்கொள்ளுங்கள். புயல் மழை எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழாது. நான்கைந்து புள்ளிகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் நனைந்த இடமும் தப்பிய இடமும் பிரிந்து தெரியும்.

ஸ்மாப் தரவை எடுப்பது

நாசாவின் எர்த்டேட்டா தளத்தில் ஒரு கணக்கு தொடங்குங்கள். அதே கணக்கில் ஆப்பியர்ஸ் என்ற சேவைக்குள் நுழையலாம். முழுக் கோப்புகளை இறக்கி நிரல் எழுதிப் பிரிக்கும் வேலையை அது நமக்காகச் செய்துவிடும். புள்ளி மாதிரி எடுக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து, 2015 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை என்று காலத்தைக் குறியுங்கள். தரவுத் தொகுப்பில் ஸ்மாப்பின் மூன்றாம் நிலை, மேம்படுத்தப்பட்ட 9 கி.மீ. மண் ஈரத்தைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சிஎஸ்வி கோப்பு வரும். விரிதாளில் திறந்துவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 9 கி.மீ. என்பது கட்டத்தின் அளவு மட்டுமே. கருவி உண்மையில் பார்க்கும் பரப்பு அப்போதும் 30, 40 கி.மீ. அகலம்தான். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒரே மாதிரி ஏறி இறங்கினால் அது இரண்டு தனித்தனி ஆதாரம் ஆகாது.

கோப்பில் காலை 6 மணி அளவும் மாலை 6 மணி அளவும் தனித்தனியாக இருக்கும். காலை அளவை மட்டும் எடுங்கள். ஈரத்தைக் கணக்கிட மண்ணின் வெப்பநிலை தெரிந்தாக வேண்டும்; விடியலில் மேல்மண்ணும் அடிமண்ணும் ஓரளவு ஒரே வெப்பத்தில் இருக்கும். நாள் முழுக்க வெயிலில் காய்ந்த மணலில் அந்த ஒழுங்கு இருக்காது.

அடுத்தது சுத்தம் செய்வது. −9999 என்று இருக்கும் வரிகள் தரவு இல்லாதவை, நீக்குங்கள். தரக் குறியீடு 0 அல்லது 8 என்று இருக்கும் வரிகளை வைத்துக்கொள்ளுங்கள். 8 என்பது மண் உறைவு பற்றிய குறிப்பு, நம் பாலைவனத்துக்கு அது பொருட்டில்லை. 0.02இலேயே தட்டிக்கொண்டு நிற்கும் மதிப்புகள் நிறைய வரும். அது கணக்கீட்டின் அடிமட்ட எல்லை. “காய்ந்திருக்கிறது” என்பதைத் தவிர வேறு எதையும் அதிலிருந்து படிக்காதீர்கள். இந்தப் பயிற்சியை நீட்டித்து 2019 முழுக்கப் பார்க்கப் போனால், ஜூன் பிற்பகுதி முதல் ஜூலை பிற்பகுதி வரை வெற்றிடமாக இருக்கும். செயற்கைக்கோள் பாதுகாப்பு நிலைக்குப் போய் அளவீடு நின்றிருந்த காலம் அது.

காய்ந்த நாள் கோட்டை வரைவது

இப்போது முக்கியமான வேலை. மழையே இல்லாத நீண்ட காலங்களின் மதிப்புகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றின் இடைநிலை மதிப்பையும் திட்ட விலக்கத்தையும் கணக்கிடுங்கள். எந்த நாட்கள் மழையற்றவை என்று அறிய ஐமெர்க் என்ற செயற்கைக்கோள் மழைத் தொகுப்பு இருக்கிறது. இடைநிலை மதிப்புதான் அந்த இடத்தின் காய்ந்த கோடு. அதற்கு மேல் இரண்டு திட்ட விலக்கத்தைத் தாண்டி, அடுத்தடுத்து இரண்டு முறை செயற்கைக்கோள் கடக்கும்போதும் மதிப்பு உயர்ந்தே இருந்தால், மண் நனைந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை மட்டும் எகிறி அடுத்த முறையே விழுந்தால் சந்தேகப்படுங்கள்.

வரைபடத்தில் மழைக்குப் பிந்தைய வடிவத்தைக் கவனியுங்கள். உண்மையான மழை என்றால் கோடு செங்குத்தாக ஏறும், பிறகு வளைந்து வளைந்து இறங்கும். முதல் சில நாட்களில் வேகமாக, அப்புறம் மெதுவாக. மணல் தண்ணீரைச் சீக்கிரம் கீழே விட்டுவிடும், மேற்பரப்பு வெயிலில் காய்ந்துவிடும். இந்த இறங்கு வளைவு இல்லாத ஏற்றம் அநேகமாக மழையால் வந்ததல்ல. உதாரணமாக, சவூதியின் வாடி தவாசிர் பகுதியில் ஆழ்குழாய்த் தண்ணீரால் வட்ட வட்டமாகப் பாசனம் செய்யும் பண்ணைகள் உள்ளன. அப்படிப்பட்ட இடத்தில் ஈரம் மழையோடு சம்பந்தமில்லாமல் பயிர்க் காலத்தோடு ஏறி இறங்கும்.

கோடு காய்ந்த நிலைக்குத் திரும்பிவிட்டது என்பதால் மண் முழுவதும் காய்ந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. குன்றுகளுக்கு இடையிலான தாழ்வில் கையால் தோண்டினால், மேலே விரலிடுக்கில் வழியும் வெளிறிய மணல், ஒரு சாண் கீழே கையில் பிடித்தால் உதிராத கருத்த ஈர மணல் என்று இருக்கும். பெண் வெட்டுக்கிளி முட்டையிட வயிற்றை நீட்டித் துளைப்பது இந்த ஆழத்துக்குத்தான், ஏறக்குறைய 5 முதல் 15 செ.மீ. வரை. வெட்டுக்கிளி ஆய்வுக் குழுக்கள் நிரப்பும் படிவத்தில் மண் ஈரமா என்பதோடு, எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம் வரை ஈரம் என்று எழுதவும் இடம் இருக்கிறது. வேர் ஆழ ஈரம் என்று ஸ்மாப்பில் நான்காம் நிலைத் தொகுப்பு ஒன்று உண்டு. ஆனால் அது பெரும்பங்கு கணினி மாதிரி போடும் கணக்கு, மழைத் தரவைச் சார்ந்தது. மழைமானிகளே இல்லாத பாலைவனத்தில் அதைத் துணையாக மட்டும் வையுங்கள்.

உற்றுப் பார்க்க சென்டினல்-1

எந்தப் பகுதி நனைந்தது என்று ஸ்மாப் சொன்ன பிறகு, அதற்குள் எந்த வாடி, எந்தத் தாழ்வு என்று பார்க்க சென்டினல்-1. கூகுள் எர்த் எஞ்சின் என்ற இணையச் சேவையில் முன்திருத்தம் செய்த படங்கள், திரும்பி வரும் அலையின் வலிமையைச் சொல்லும் டெசிபல் அலகில் தயாராக இருக்கும். செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாகவே பெற்ற அலைமுனைவைத் தேர்ந்தெடுங்கள். ஒரே சுற்றுப்பாதை எண் கொண்ட படங்களை மட்டும் ஒப்பிடுங்கள். இது கட்டாயம். பாதை மாறினால் பார்க்கும் கோணம் மாறும். கோணம் மாறினால் மண் மாறாமலே படம் மாறும்.

10 மீட்டர் பிக்சலை நம்பாதீர்கள். ராடார் படத்தில் எப்போதும் இருக்கும் புள்ளி இரைச்சல் அடங்க, குறைந்தது சில நூறு மீட்டருக்குச் சராசரி எடுக்க வேண்டும். பிறகு கணக்கு எளிது. ஒரு இடத்தின் மிகக் காய்ந்த அளவு −18 டெசிபல், மிக நனைந்த அளவு −12 என்று வைத்துக்கொள்வோம். இன்றைய அளவு −14 என்றால், 6 டெசிபல் இடைவெளியில் 4 ஏறியிருக்கிறது. அதாவது அந்த இடத்தின் வரம்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈரம். இது ஒப்பீட்டு அளவுதான், கன மீட்டர் கணக்கு அல்ல. பாலைவனத்தில் இதுவே நேர்மையான அளவும்கூட.

ஆனால் மூன்று இடங்களில் இது காலை வாரிவிடும்.

வழவழப்பான மணல் பரப்பு ராடார் அலையை ராடாரை விட்டு விலகி மறுபக்கம் தள்ளிவிடும். திரும்பி வருவது மிகக் குறைவு. சென்டினல்-1 கருவியின் இரைச்சல் மட்டம் வடிவமைப்பின்படி −22 டெசிபல். அதை ஒட்டிய மதிப்புகளில் நீங்கள் பார்ப்பது மணலை அல்ல, கருவியின் சொந்த இரைச்சலை. அவற்றை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, குன்றுகளின் சரிவு முகம். மணல் உருண்டு விழும் பக்கம் இயல்பாகவே 32 முதல் 34 பாகை வரை சாய்ந்திருக்கும். சென்டினல்-1 பார்ப்பது 29 முதல் 46 பாகை வரையான கோணத்தில். சரிவு முகம் ராடாரை நோக்கி இருந்துவிட்டால் அலை நேர்செங்குத்தாகப் பட்டு அப்படியே திரும்பும். படத்தில் வெள்ளை வெளேரென்று கோடுகள் வரும். புதியவர்கள் அதை ஈரம் என்று எடுத்துக்கொள்வது சகஜம். காற்று குன்றை நகர்த்த, கோடும் நகரும், மாற்றப் படத்திலும் ஈரம் போலவே வந்து நிற்கும். அதனால் கணக்கைக் குன்றுகளுக்கு இடையிலான தட்டையான தரைகளிலும் வாடிகளிலும் மட்டும் செய்யுங்கள்.

மூன்றாவது எல்லாவற்றையும்விட நயவஞ்சகமானது. பாறையோ சரளையோ கிடக்கும் தரையின் மேல் மெல்லிய மணல் போர்த்தியிருக்கிறது என்று வையுங்கள். மணல் காய்ந்திருக்கும்போது அலை அதை ஊடுருவிக் கீழேயுள்ள கல்லில் பட்டு பலமாகத் திரும்பும். சின்னத் தூறல் விழுந்து மேல் மணல் லேசாக நனைந்தால், அலை கல்லை எட்டாது. திரும்பி வருவது குறைந்துவிடும். நனைந்தால் குறைகிறது, காய்ந்தால் ஏறுகிறது, எல்லாம் தலைகீழ். மெட்ஆப் செயற்கைக்கோள்களில் உள்ள ஆஸ்காட் என்ற ராடாரின் தரவைக் கையாளும் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு இந்தச் சிக்கலை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி: மழை நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள படங்களை ஐமெர்க் மழையோடு சேர்த்துப் பாருங்கள். மழைக்குப் பின் திரும்பி வரும் அலை ஒவ்வொரு முறையும் குறையும் இடங்களை வரைபடத்தில் அடைத்துவிட்டு, அங்கே ராடாரைப் பயன்படுத்தாதீர்கள்.

ஏமாற்றும் மற்றவை

பெருமழைக்குப் பின் தற்காலிக ஏரி உருவானால், ஸ்மாப் பிக்சலுக்குள் ஒரு சிறு பங்கு தண்ணீர் இருந்தாலே மதிப்பு எகிறும். மண் நனைந்ததா, தண்ணீர் தேங்கியதா என்பதைச் சென்டினல்-2 ஒளிப்படத்தில் ஒருமுறை பார்த்து உறுதி செய்யுங்கள். மெகுனு வழக்கில் இது அவசியம்.

உப்புத் தரைகளும் அப்படித்தான். ரூப் அல் காலியின் கிழக்கு ஓரத்தில் உம் அஸ் சமீம் என்ற பெரிய சப்கா இருக்கிறது. உப்பு நீர் மண்ணின் மின்தன்மையையே மாற்றிவிடும். சாதாரண மண்ணுக்கு எழுதிய கணக்கு அங்கே செல்லாது.

1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசை இப்படிக் கேட்டு அளக்கும் கருவிகளுக்கென்று உலக அளவில் ஒதுக்கப்பட்டது. விதியை மீறி ஒலிபரப்பும் கருவிகள் மத்திய கிழக்கிலும் ஆசியாவிலும் இருக்கின்றன. அந்தக் குறுக்கீடு நிலத்தைச் சூடாகக் காட்டும். சூடு என்றால் கணக்கில் காய்ந்தது. எனவே குறுக்கீட்டால் ஈரம் மறைந்துபோகுமே தவிர, இல்லாத ஈரம் தோன்றாது.

தரையில் சரிபார்ப்பது

பாலைவனத்துக்குப் போக வாய்ப்புள்ளவர்கள் மண்ணைக் கையோடு எடுத்து வாருங்கள். கன அளவு தெரிந்த உலோக வளையத்தை மேல் 5 செ.மீ. மணலில் அழுத்தி எடுத்து, உடனே காற்றுப் புகாமல் மூடி, எடை போட்டு, 105 பாகை செல்சியஸ் அடுப்பில் ஒரு நாள் காய வைத்து மறுபடி எடை போட வேண்டும். 100 கிராம் ஈர மணல் காய்ந்து 97 கிராம் ஆனால், எடைக் கணக்கில் ஈரம் 3ஐ 97ஆல் வகுத்தால் வருவது, அதாவது 0.031. மணலின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.6 கிராம் என்றால் பெருக்கிப் பாருங்கள்: 0.05. ஸ்மாப் தரும் எண்ணோடு ஒப்பிட வேண்டியது இந்த இரண்டாவது எண். ஒரே இடத்தில் எடுத்த ஒரு மாதிரி 30 கி.மீ. பரப்பைக் குறிக்காது, குன்றின் மேல், சரிவு, தாழ்வு என்று பிரித்து எடுங்கள்.

போக முடியாதவர்கள் அரிசோனாவின் வால்நட் கல்ச் நீர்ப்பிடிப்பில் பழகலாம். அமெரிக்க வேளாண் துறை 1950களிலிருந்து மழைமானிகள் வைத்திருக்கும் வறண்ட நிலம் அது; ஸ்மாப்பைச் சரிபார்க்கும் முதன்மை இடங்களில் ஒன்று. அங்கே தரை அளவையும் செயற்கைக்கோள் அளவையும் ஒரே வரைபடத்தில் வரைந்து, எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்த்துவிட்டு அரேபியாவுக்கு வாருங்கள்.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார் செயற்கைக்கோளில் நாசாவின் எல்-பேண்ட் ராடாரும் இஸ்ரோவின் எஸ்-பேண்ட் ராடாரும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரே பாதைக்குத் திரும்ப 12 நாள். எல்-பேண்டும் நுணுக்கமான படமும் ஒரே கருவியில் கிடைப்பது பாலைவன வேலைக்கு உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் எல்-பேண்ட் இன்னும் ஆழம் ஊடுருவும், எனவே புதைந்த கல்லின் தலைகீழ் விளையாட்டு அதிலும் வரும். மேலே சொன்ன மாதிரி அடைத்து வைக்க வேண்டிய இடங்களின் வரைபடத்தை இப்போதே தயார் செய்யத் தொடங்கலாம்.

கடைசியாக, நனைந்த இடங்களின் பட்டியலை யாருக்காவது அனுப்பும்போது இந்தத் தகவல்கள் அதில் இருக்கட்டும்: புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை, காய்ந்த கோடு எவ்வளவு, இப்போது எவ்வளவு, எத்தனை நாளாக உயர்ந்திருக்கிறது, மழைத் தரவு அதை ஒத்துக்கொள்கிறதா. பச்சை தெரியும் வரை காத்திருக்க வேண்டாம். செடி முளைத்துப் படத்தில் பச்சை காட்டுவதற்குள் மழை பெய்து வாரங்கள் ஓடியிருக்கும். கோடை வெப்பத்தில் முட்டை பொரிக்க ஏறக்குறைய இரண்டு வாரமே போதும்.